கம்பியில் மிஞ்சிய பத்திரிகை

கருமாதிப் பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் போய் நின்றால் என்ன நடக்குமோ, அதுதான் எனக்கும் நடந்தது. நான் ஒன்றல்ல, ஐந்து பத்திரிகைகளை எடுத்துக்கொண்டு போனேன். அதற்காக விமானம் வேறு ஏறினேன்.

பினாங்கில் ஒரு நூலகத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டாம் மாடியில் இருக்கும் சிறப்புத் தொகுப்புகள் அறை என் பொறுப்பு. அங்கே 'கடைக் கம்பித் தொகுப்பு' என்று நான்கு பெட்டிகள் இருக்கின்றன. எங்கள் ஊரில் ஒரு மளிகைக் கடை இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் பலருக்கும் அந்தக் கடைதான் தபால் விலாசம். அவர்கள் சொந்த ஊரில் யாராவது இறந்தால் நான்கு மூலையிலும் கறுப்பு மை தடவிய பத்திரிகை அங்கேதான் வந்து சேரும். துக்கப் பத்திரிகையை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, படித்த கையோடு கிழித்துப் போட வேண்டும். கடல் தாண்டி வந்த அப்பா பேரைக் கிழிக்க எல்லோருக்கும் மனசு வந்துவிடுமா? வராதவர்கள் கடைக்காரரிடமே நீட்டிவிட்டுப் போனார்கள். அவர் சீட்டுகளைக் குத்திவைக்கும் கம்பியில் அதையும் குத்திவைத்தார். பல வருடங்களாகக் குத்தினார். கடையை மூடியபோது பிள்ளைகள் கம்பியோடு கொண்டுவந்து எங்களிடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு பத்திரிகைக்கும் நடுவில் ஓர் ஓட்டை உண்டு.

எங்கள் புது இயக்குநர் ஒருநாள் அறைக்கு வந்து, "இதையெல்லாம் யார் வந்து பார்க்கிறார்கள்?" என்று கேட்டார். யாரும் பார்ப்பதில்லை என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். பத்திரிகைகள் கிளம்பிய ஊரிலிருந்து ஒரு சங்கமாவது எங்களோடு கைகோக்கக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் பெட்டிகள் கிடங்குக்குப் போகும் என்றார். கிடங்குக்குப் போன பெட்டி எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை. பத்திரிகைகளில் கணிசமானவை பம்மல், பொழிச்சலூர், குரோம்பேட்டைப் பக்கத்து முகவரி கொண்டவை. அதனால் அனுமதி வாங்கி ஐந்து அசல் பத்திரிகைகளைக் கோப்பில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

முதல் நாள் குரோம்பேட்டையில் தங்குமிடம் வந்து சேர்ந்ததோடு சரி. ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கக் கால் மணி நேரம் ஆனது. எங்கள் ஊரில் சாலையைக் கடக்கும்போது வண்டிகள் நிற்கும். இங்கே யார் முதலில் பயப்படுகிறார்களோ அவர்தான் நிற்க வேண்டும், எப்போதும் நான்தான் பயந்தேன். எதிர்ப்பக்க மெஸ்ஸில் பொடி தோசை சாப்பிட்டேன். அதைப் பற்றிக் குறை சொன்னால் நாக்கு அழுகிப் போகும். காப்பிதான் இழுத்து ஆற்றித் தரும் எங்கள் ஊர்த் தேநீரை, தே தாரிக்கை நினைத்து ஏங்க வைத்தது.

மறுநாள் பொழிச்சலூர் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஆட்டோவில் போனேன். மழை விட்டுப் பம்மலில் தண்ணீர் தேங்கியிருந்தது. நடு வழியில் ஆட்டோ இருமி நின்றது. ஓட்டுநர் இறங்கித் தள்ளினார். நானும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தள்ளினேன். தள்ளிக்கொண்டே என் வேலையை விசாரித்தார்.

"சாவு பத்திரிகையா? அத்த தூக்கினு மலேசியாலேர்ந்து வந்துகிறீங்களா? இன்னா மேடம் இது, பேஜாரு புடிச்ச வேலையா கீதே!"

அவர் சொன்னதை அன்றைக்குச் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

சங்கத் தலைவர் சபாபதி ஓய்வுபெற்ற அரசு ஊழியர். அறுபத்தைந்து வயது இருக்கும், சட்டைப்பையில் இரண்டு பேனா. தலைக்கு மேல் விமானம் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி, போனதும் விட்ட சொல்லிலிருந்து சரியாகத் தொடங்குவார். அவர் மனைவி விஜயா ரவா உப்புமாவும் காப்பியும் கொண்டுவந்து வைத்துவிட்டு சமையலறைக் கதவோரம் நின்றுகொண்டார். சபாபதி ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தார். ஏழாவது வரியில் விரல் நின்றது.

"தொகுப்பைப் பத்தின குறிப்புல எது மாத்தணும்னாலும் எங்க சம்மதம் வேணும்னு போட்டிருக்கீங்களே, இது உண்மையா?"

"உண்மைதான் சார். உங்க ஊர்க்காரங்களைப் பத்தி நாங்க இஷ்டத்துக்கு எழுதக் கூடாது இல்லையா? எழுத்து மூலமா நீங்க ஒப்புதல் குடுத்தாதான் மாத்துவோம்."

"இது நல்லா இருக்கு மேடம். இதுதான் மரியாதை."

அந்த வரி நான் எழுதியது. எழுதிவிட்டு அலுவலகத்தில் பத்துப் பேரிடம் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் ஐந்து பத்திரிகைகளையும் பார்வைக்கு வைப்பது, அன்றே கையெழுத்து என்று முடிவானது. என்னைக் காலனியின் வாட்ஸ்அப் குழுவிலும் சேர்த்துவிட்டார். ஆட்டோவில் திரும்பும்போது பாட்டுப் பாடாத குறை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அந்தத் தப்பைச் செய்தேன். ஐந்து பத்திரிகைகளையும் மேசையில் பரப்பிப் படம் எடுத்து, 'நம் முன்னோர் நினைவுகள், அனைவரும் வருக' என்று எழுதிக் குழுவில் போட்டேன்.

நான் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா, அம்மா இருவருடைய அடக்க ஆராதனைத் தாள்களும் எங்கள் வீட்டு வேதாகமத்துக்குள்தான் இருக்கின்றன. துக்கத் தாளை வீட்டில் வைப்பதில் எங்களுக்கு உறுத்தல் கிடையாது. மற்றவர்கள் கிழிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும், என் தொகுப்பே அதனால் மிஞ்சியதுதான். ஆனால் தாளுக்கு உள்ள விலக்கு திரையில் தெரியும் படத்துக்கும் உண்டு என்று மண்டையில் ஏறவில்லை.

"யாருங்க இது? வெள்ளிக்கிழமை அதுவுமா!"

"பூஜை ரூம்ல நின்னு போனைத் தொறக்கறேன், கருமாதிப் பத்திரிகை வந்து நிக்குது."

"தலைவர் உடனடியாகக் கவனிக்கவும்."

கிழிக்க முடியாத பத்திரிகையை என்ன செய்வது என்று அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒருவர் மகாலட்சுமி படம் போட்டார். இன்னொருவர் இன்னொரு மகாலட்சுமி. ஆளுக்கொன்றாகப் போட்டு என் படத்தைக் கண்ணுக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். நான் அதை அழிப்பதற்குள் முழுசாக முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது.

சபாபதி கூப்பிட்டார். திட்டுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். திட்டவில்லை.

"அந்தப் படத்துல இடது ஓரமா இருக்கறது பொழிச்சலூர் ஏகாம்பரம் பத்திரிகைதானே? அசல் உங்ககிட்ட இருக்கா? எடுத்துட்டு வாங்க. அவர் எங்க அப்பா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே ஊர், அதே தெரு, மகன் பெயர் சபாபதி என்று அச்சடித்தே இருக்கிறது. நூலகர் என்று சம்பளம் வாங்குகிறேன், இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. பிறகு வெட்கங்கெட்ட சந்தோஷம் வந்தது. பதினைந்து வருடம் கழித்து அப்பாவின் பத்திரிகையை மகன் கையில் வாங்குகிறார்! இயக்குநருக்கு இதைவிட நல்ல கதை கிடைக்குமா? போகிற வழியெல்லாம் அந்தக் கதையை மனசுக்குள் எழுதிக்கொண்டு போனேன்.

வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை படித்தார். "பிரிண்ட் நல்லாத்தான் இருக்கு" என்றார். அப்புறம் அதை இரண்டாகக் கிழித்தார். இரண்டையும் சேர்த்து வைத்து நான்காகக் கிழித்தார். கேட்டுக்கு வெளியே போட்டுவிட்டு, குழாயடியில் கையும் காலும் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

"உக்காருங்க மேடம். ஞாயித்துக்கிழமை எதுக்கு, கையெழுத்த இப்பவே போட்டுடலாம்."

படித்ததும் கிழிக்கிற பழக்கத்தில் கை தானாகக் கிழித்ததா, கிழிப்பதற்கென்றே வரச்சொன்னாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் யாருக்கும் அது வியப்பாக இல்லை. 'அது நூலகத்தின் உடைமை' என்று மூன்றே சொற்கள் நான் சொல்லியிருக்கலாம். நேரம் பார்த்து ஒரு விமானம் போனது. அது போவதற்குள் அவர் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். நான் ஒப்பந்தத்தை மடிக்காமல் பத்திரமாகக் கோப்பில் வைத்தேன். என் மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது, ஆனாலும் வைத்தேன். விஜயா காப்பித் தம்ளரைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"மலேசியா நூலக மேடம்ங்களா? என் பேரு கோமதி. பொழிச்சலூர் ஏகாம்பரம் பொண்ணு. நேர்ல ஒண்ணு கேக்கணும். லீவு கெடைக்காது, நீங்க வர முடியுமா?"

ஏகாம்பரத்துக்கு மகள் இருப்பதாக எங்கள் பதிவில் இல்லை.

சனிக்கிழமை குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினேன். தாம்பரத்தில் பெட்டியே காலியாயிற்று. கூட்டம் குறைந்ததென்று நிம்மதியாகக் கால் நீட்டி உட்கார்ந்தேன். பெட்டியைக் கூட்ட வந்த அம்மா, "இது இதோட நின்னுடும்மா, செங்கல்பட்டு வண்டி அந்தாண்ட" என்று துடைப்பத்தால் காட்டினார். படியேறி ஓடி இறங்குவதற்குள் அந்தாண்ட வண்டியும் கிளம்பிவிட்டது. அடுத்ததற்கு வெகுநேரம் நின்றேன். பசியில் ஒரு சமோசா வாங்கினேன், ஆறிப்போன உருளைக்கிழங்கு. அந்தப் பெண் என்ன கேட்கப்போகிறாள் என்று அதற்குள் எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

காட்டாங்குளத்தூரில் ஒரு மாணவர் விடுதிச் சமையற்கூடத்தில் கோமதிக்கு வேலை. நாற்பத்தைந்து வயதிருக்கும். தலைமுடிக்கு வலை கட்டியிருந்தாள், கைவிரலிடுக்கில் மாவு. வாசலில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்களைச் சுற்றி மாணவர்கள் தேர்வைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணிதான் அந்தப் படத்தயும் உங்க நம்பரயும் எனக்கு அனுப்புனாங்க. அனுப்பிட்டு உடனே அழிச்சிட்டாங்க. அதுக்குள்ள பாத்துட்டேன். அப்பா பேரு பெருசா இருக்கு, தெரிஞ்சுது. கீழ இருக்கறது பொடி எழுத்து, ஒண்ணும் புரியல." டீயைக் கீழே வைத்தாள். "அதுல என் பேரு இருக்கா மேடம்?"

நான் பையில் கைப்பேசியைத் தேடினேன். அதற்குள் அவள் தன் கதையைச் சொன்னாள். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள், முருகன், எலக்ட்ரீஷியன். அன்றோடு வீட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். அப்பா செத்தது, காரியமெல்லாம் முடிந்தபிறகு ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி சொல்லித் தெரிந்தது.

"அப்பறம் ரெண்டு வருஷம் கழிச்சு அம்மாவுக்கும் முடியாமப் போச்சு. ஆஸ்பத்திரிலேர்ந்து நர்ஸ் போன வாங்கி எனக்குப் பேசுனாங்க. 'பத்திரிகைல உன் பேரையும் போடச் சொன்னேன்டி'ன்னாங்க. அத மட்டுந்தான் சொன்னாங்க. நானும் அன்னிலேர்ந்து சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம கேட்டுட்டேன், அந்தப் பத்திரிகை யார்கிட்டயாவது இருக்கான்னு. எல்லாரும் கிழிச்சிட்டோம்னாங்க. கிழிக்கறதுதானே வழக்கம்? யாரையும் குத்தம் சொல்ல முடியாது."

பத்திரிகையின் நகல் கைப்பேசியில் இருந்தது. நீட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தாள். "மனைவி சரோஜா. மகன் சபாபதி. மருமகள் விஜயா. பேரன்கள்..." பேரன்களுக்குப் பிறகு அச்சகத்தின் பெயர்தான். மறுபடி மேலே போய் முதலிலிருந்து படித்தாள். மூன்றாம் தடவை படிக்கவில்லை.

"அம்மா பொய் சொல்லல" என்றாள். "போடச் சொன்னேன்னுதான் சொன்னாங்க. போட்டாங்கன்னு சொல்லல."

அசலைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன், நான் வாயடைத்து நின்றதையும் சேர்த்து. தலையை ஆட்டிக்கொண்டாள்.

"சரி, கிழிச்சா கிழிக்கட்டும். உங்க ஊர்ல இத பத்தி எழுதி வெச்சிருப்பீங்கல்ல?"

எங்கள் பட்டியலைத் திறந்து காட்டினேன். இறந்தவர் ஏகாம்பரம், ஊர் பொழிச்சலூர், பத்திரிகையில் உள்ள உறவினர்கள் இன்னார் இன்னார்.

"இதுல ஒரு வரி சேத்துடுங்க அக்கா. மகள் ஒருத்தி உண்டுன்னு. வேற ஒண்ணும் வேணாம்."

அதற்கு முந்தின வாரம் கேட்டிருந்தால் அந்த பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஒரு நிமிடத்தில் சேர்த்திருப்பேன். இப்போது ஏழாவது வரி இருக்கிறது. மீறினால் ஒப்பந்தம் போகும், நான்கு பெட்டிகளும் கிடங்குக்குப் போகும். இதை அவளுக்கு எப்படிச் சொல்வது? சுற்றி வளைத்துச் சொல்லப் பார்த்தேன், அவள் நேரே பிடித்துவிட்டாள்.

"எங்கண்ணன் சம்மதம் வேணுமா?"

"ஆமாம்மா."

அவள் சிரித்தாள். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

"மலேசியாவுலயும் அவன் கையெழுத்துதானா?"

ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சப்பாத்தி மாவு பிசைய வேண்டும் என்று எழுந்தாள். போகும்போது, "நீங்க என்ன பண்ணுவீங்க, உங்க வேலையத்தான் பண்ணீங்க" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அன்றைக்கு இரவு முழுக்க அதுதான் காதில் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்துக்குப் பதினான்கு பேர் வந்தார்கள். சுண்டல், காப்பி. கண்ணாடிப் பெட்டியில் நான்கு பத்திரிகைகள் இருந்தன. ஒருவரும் கிட்டே வரவில்லை, பெட்டிக்கும் மக்களுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு இடம் விட்டே நின்றார்கள். சபாபதி நம் மரபை நாம்தான் காப்பாற்ற வேண்டும் என்று பேசினார். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன்.

சுண்டல் தட்டுகளை அடுக்கும் சாக்கில் விஜயா என் அருகே வந்தார்.

"அவ பாத்துட்டாளா?"

"பாத்துட்டாங்க."

"பேரு இல்லன்னு எனக்குத் தெரியும். பிரஸ்லேர்ந்து ப்ரூஃப் வந்தப்ப இருந்துச்சு. மாமியார் சொல்லி எழுதுனது. இவர்தான் கோடு போட்டு அடிச்சாரு." தட்டுகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பேனா எங்கன்னு கேட்டாரு. எடுத்துக் குடுத்தது நான்."

மேலே விமானம் போனது. இந்தமுறை அவரும் கணவரைப் போலப் பேச்சை நிறுத்தித்தான் தொடர்ந்தார்.

"எனக்கு அவகிட்ட சொல்ல வாய் வரல. நீங்க சொல்லிடுங்க."

விமான நிலையத்தில் உட்கார்ந்து கோமதிக்குச் சொன்னேன். மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம். "அப்ப அம்மா போட்டுட்டாங்க" என்றாள். பேனாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பினாங்கு திரும்பியதும் முறைப்படி விண்ணப்பம் அனுப்பினேன். பொழிச்சலூர் ஏகாம்பரம் குறிப்பில் மகள் பெயரைச் சேர்க்க ஒப்புதல் கோருகிறோம் என்று. மூன்றாம் நாள் பதில் வந்தது, சங்கத்தின் முத்திரையோடு. எங்கள் தந்தைக்கு மகள் இல்லை. கீழே கையெழுத்து.

பெட்டிகள் தப்பித்துவிட்டன. சபாபதியும் நானும் ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தை இயக்குநர் நூலக வாசலில் மாட்டியிருக்கிறார், அடுத்த வருடம் அறைக்கு ஓர் உதவியாளரும் தருவதாகச் சொன்னார். பெட்டியில் அந்தப் பத்திரிகை இருந்த இடத்தில் 'பயணத்தில் சேதமடைந்தது' என்று ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். அதுவும் என் கையெழுத்துதான்.

பட்டியலில் எழுத எனக்கு உரிமை இல்லை. இந்தக் கட்டுரையில் எழுதச் சங்கத்தின் ஒப்புதல் வேண்டியதில்லை. கோமதியிடம் மட்டும் கேட்டேன். "எழுதுங்க அக்கா, எம் பொண்ணு பேரையும் போட்டுடுங்க" என்றாள்.

காலஞ்சென்ற பொழிச்சலூர் ஏகாம்பரம் அவர்களுக்கு
மகள்: கோமதி.
மருமகன்: முருகன்.
பேத்தி: யாழினி.